சருகுக்கும் கட்டைக்கும் நடுவே

நம் தரக் கையேட்டின் பதினோராவது விதி இது: "மூலக் கோப்பில் இருப்பதற்கும் சிடியில் எழுதப்பட்டதற்கும் வேறுபாடு உண்டாக்கும் குறை எதுவும் தெரியவந்தால், தெரியவந்த அன்றே, அந்தப் பதிப்பைப் பயன்படுத்தும் எல்லா வாடிக்கையாளருக்கும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்." இதில் புரியாத சொல் ஒன்றுமில்லை. 'அன்றே' என்பதற்கு யாரும் அகராதி புரட்ட வேண்டியதில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் நீங்கள் எல்லோரும் இதைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். சிலர் படிக்காமலும் போட்டிருப்பீர்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றவளிடம், புதியவர்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் வெற்றிக் கதையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். என்னிடமும் அப்படிச் சில உண்டு. அவை ஆண்டு மலரில் வந்துவிட்டன. இது மலரில் இடம் கிடைக்காதது.

சிடி எழுதும் மென்பொருள் என்றதும் உங்களில் சிலர் சிரிப்பை அடக்குவதைக் கவனித்திருக்கிறேன். இந்தக் காலத்தில் யார் சிடி எழுதுகிறார்கள்? விசாரணை நடத்துகிறவர்கள் எழுதுகிறார்கள். ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு யாரும் அதில் கைவைக்க முடியாது என்பதால், கோப்போடு சேர்த்து வைக்க அதைத்தான் கேட்கிறார்கள். பென்டிரைவை நம்பாதவர்கள் சிடியை நம்புகிறார்கள். நம் நிறுவனம் அந்த நம்பிக்கையை வைத்துத்தான் பிழைக்கிறது.

அப்போது நான் பொறுப்பு வகித்த நம் கிளை தென்காசியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. தலைமையகம் பெங்களூரில். முடிவெடுப்பது அவர்கள், செய்வது நாங்கள், சோதிப்பது மறுபடியும் அவர்கள். அந்த வருடம் வந்த வேலை, புதிய ஒலி வடிவம் ஒன்றை நம் மென்பொருளில் சேர்ப்பது. தொலைபேசி, இன்டர்காம் உரையாடல்களைப் பதிவு செய்யும் கருவிகள் பயன்படுத்துகிற வடிவம். கோப்பு மிகச் சிறியதாக இருக்கும். ஆள் பேசும்போது மட்டும்தான் ஒலியைச் சேமிக்கும். பேசாதபோது 'இங்கே பேச்சில்லை' என்று ஒரு சிறு குறிப்பை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு போகும். அப்படிப்பட்ட கோப்பை, எந்தப் பிளேயரிலும் ஓடுகிற சாதாரண ஆடியோ சிடியாக மாற்றி எழுத வேண்டும். எழுதும் நிரலை இசக்கி செய்தான். கெட்டிக்காரன், சொன்ன தேதிக்கு முன்னால் முடிப்பவன்.

தலைமையகம் சோதித்தது. பேச்சுக்கென்றே உண்டான ஒரு வடிவத்தைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டவை பாட்டுகள். பாடியவர்களும் வாசித்தவர்களும் இடைவெளி விடவில்லை. எல்லாம் சரி என்று பதிப்பு வெளியானது. பேச்சுப் பதிவுகளை எதிர்பார்த்ததைவிட வேகமாக எழுதுகிறது என்று வாடிக்கையாளர்களிடமிருந்து பாராட்டு மின்னஞ்சல் வந்தது. ஏன் வேகமாக எழுதுகிறது என்று கேட்டு ஒரு மின்னஞ்சலும் வரவில்லை.

ஆவணியில், சாரல் அடங்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், வேலாயுதம் மாடியேறி வந்தார். ராயகிரிக்காரர். பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு, குற்றாலத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு தனியார் தோட்ட விடுதியில் காவல் வேலை பார்த்தவர். குடையை வெளியே சாய்த்து வைத்து, செருப்பைக் கழற்றி, நேராக நின்றுகொண்டு ஒரு சிடி உறையை நீட்டினார். நம் மென்பொருளில் லேபிள் அச்சடித்தால் அடியில் நம் பெயரும் முகவரியும் தானாக வந்து விழும். விளம்பரப் பிரிவு பெருமைப்பட்டுக்கொண்ட வசதி அது. அதைப் பார்த்து ஒருவர் தேடி வந்தது அன்றுதான் முதல் தடவை.

"இது ஒங்க சிடியா மேடம்?"

"சிடி எங்களது இல்ல அண்ணாச்சி. அதுல எழுதுத சாஃப்ட்வேர்தான் எங்களது."

"எதுவோ ஒண்ணு. இதுல கொஞ்சம் காணல."

"எது காணல?"

"நான் பேசுதது இருக்கு. மேனேஜர் பேசுதது இருக்கு. அவரு பேசாம இருந்ததைத்தான் காணல."

இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேசாம இருந்ததை எப்படி அண்ணாச்சி சிடில எழுத முடியும்?"

"சிரிக்காதலே தம்பி. நின்னவன் நான்."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, நடந்ததை வரிசையாகச் சொன்னார். பட்டாளத்தில் அறிக்கை கொடுத்துப் பழகியவர், இடையில் கேள்வி கேட்க அவசியம் வைக்கவில்லை.

அந்த விடுதிக்குச் சொந்தமாகச் சின்ன அருவி ஒன்று உண்டு. தங்க வருகிறவர்கள் மட்டும் குளிக்கலாம். மேலே மலையில் மழை கொட்டினால், கீழே வெள்ளம் வருவதற்கு முன் தண்ணீரின் நிறம் மாறும், சருகு மிதந்து வரும். சீசன் தொடக்கத்தில் ஒருநாள் சருகைப் பார்த்ததும் விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றினார். அன்று வெள்ளம் வரவில்லை. வந்திருந்தவர்கள் சண்டை பிடித்தார்கள். அதன் பிறகு விடுதி ஓர் உத்தரவு போட்டது: இன்டர்காமில் மேனேஜரிடம் கேட்காமல் யாரையும் ஏற்றக் கூடாது.

ஆடியில் ஒரு மத்தியானம் மறுபடியும் சருகு வந்தது. இன்டர்காமை எடுத்தார். "சருகு வருது சார். நிறமும் மாறுது. ஆளுகளை ஏத்திரட்டுமா?" என்று கேட்டார். மறுமுனையில் சத்தமில்லை. காதில் வைத்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, ஏத்திருங்க" என்று குரல் வந்தது.

"எவ்வளவு நேரம் அண்ணாச்சி அவரு பேசல?"

"கடிகாரத்தையா பாத்துக்கிட்டு நின்னேன்? நான் கேக்கும்போது சருகு வந்துச்சு. அவரு சரின்னு சொல்லும்போது கட்டை வந்துட்டு. அம்புட்டு நேரம்."

விசில் ஊதி எல்லோரையும் ஏற்றிவிட்டார், ஒருவரைத் தவிர. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத அந்த மனிதரை வெள்ளம் பாறையில் அடித்தது. உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே இல்லை.

விடுதி உள்விசாரணை வைத்தது. மேனேஜர், "கேட்ட உடனே ஏற்றச் சொல்லிவிட்டேன், அவர்தான் மசமசவென்று நின்றுவிட்டார்" என்றார். இன்டர்காம் பதிவைக் கடையில் கொடுத்துச் சிடியாக எழுதி வாங்கி, அவருக்கும் ஒன்று கொடுத்து, போட்டுப் பார்த்தார்கள். கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு பதில் வந்தது. சருகு வருது சார், ஏத்திரட்டுமா, சரி ஏத்திருங்க. அவ்வளவுதான். மூலக் கோப்பு இப்போது இல்லை. பதிவுக் கருவி பழையதை அழித்துவிட்டுத் தானாகவே புதியதை எழுதிக்கொள்ளும். சிடிதான் வந்துவிட்டதே என்று விடுதி அலுவலகத்திலும் நகலை வைத்திருக்கவில்லை.

அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு இசக்கியைக் கூப்பிட்டேன். அதே வடிவத்தில் பதிவு செய்யும் கருவி ஒன்று நம்மிடமும் இருந்தது. நான் ஒரு முனையில், அவன் மறு முனையில்.

"இசக்கி, சாப்பிட்டியா?" என்று கேட்டேன். பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். கீழே பாத்திரக்கடையில் ஒருவர் குடம் பேரம் பேசி, வேண்டாம் என்று சொல்லிப் போகும்வரை பேசாமல் இருந்தோம். பிறகு கையை இறக்கினேன்.

"சாப்பிட்டேன் அக்கா."

சிடியில் எழுதிப் போட்டோம். இசக்கி சாப்பிட்டியா சாப்பிட்டேன் அக்கா. மூச்சு விடக்கூட இடம் இல்லை.

அவன் முகம் போன போக்கை நான் இங்கே எழுதப் போவதில்லை. "பேச்சில்லைன்னு குறிப்பு வந்துச்சு அக்கா. ஒண்ணுமில்லாததை எதுக்கு எழுதணும்னு விட்டுட்டேன்" என்றான்.

"அருவிச் சத்தம்? அதுவாவது கேட்டிருக்கணும்லா?"

"ஒரே சீரா வார இரைச்சலை அந்தக் கருவி பேச்சுன்னு எடுத்துக்காது அக்கா. அதையும் ஒண்ணுமில்லைன்னுதான் போடும்."

ஆக, ஒருவர் வெள்ளத்தின் இரைச்சலுக்கு நடுவே பதிலுக்காக நின்ற நேரம் முழுவதும், முதலில் ஒரு கருவிக்கும் பிறகு நமக்கும், ஒன்றுமில்லாததாக இருந்திருக்கிறது. இசக்கி அதைத் திருத்த எடுத்துக்கொண்டது ஒரு பிற்பகல். பாட்டு மட்டும் கேட்டு 'சரி' போட்ட யாரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை, இன்றுவரை.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது தொடங்குகிறது. குறை கண்டுபிடிப்பது நம் தொழிலில் சுலபமான பகுதி.

அன்றே தலைமையகத்துக்கு எழுதினேன். விதி எண், குறையின் தன்மை, சோதித்த முறை, பாதிக்கப்பட்ட பதிப்பு, பாதிக்கப்பட்ட ஒரு மனிதர். குறையை உறுதிப்படுத்தும் கடிதம் கேட்டிருந்தேன். எங்கள் கிளை கடிதம் கொடுக்க முடியாது. நிறுவனத்தின் பெயரில் வெளியே போகும் எந்தத் தாளிலும் கையெழுத்திடும் அதிகாரம் பெங்களூருக்குத்தான். அந்த ஒழுங்கை வகுத்த குழுவில் நானும் இருந்தேன். நல்ல ஒழுங்குதான். ஆளாளுக்குக் கடிதம் கொடுத்தால் நிறுவனம் நடத்த முடியாது.

தங்கள் செய்தி கிடைத்தது என்று இயந்திரம் பதில் போட்டது. நம்மிடம் நேரத்துக்கு வேலை செய்கிற ஒரே அதிகாரி அந்த இயந்திரம்தான்.

இரண்டு நாள் கழித்து நானே மேலதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தேன். "கண்டிப்பா பாக்குறோம் மேடம். சட்டப் பிரிவுக்கு அனுப்பியாச்சு. அதுவரைக்கும் நீங்களா எதுவும் எழுதிக் கொடுத்துடாதீங்க" என்றார்.

"விதியில 'அன்றே'ன்னு இருக்கு சார்."

"விதி உங்களுக்குத் தெரியாததா மேடம்?" என்று அன்போடு சொல்லி வைத்துவிட்டார்.

வாய்ச்சொல்லுக்குக் கையெழுத்து அதிகாரம் தேவையில்லை என்பதால், தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் என்று நம் மென்பொருளை வைத்திருந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். பாதிப் பேர் நன்றி சொன்னார்கள். ஆலங்குளத்துக்காரர் ஒருவர் யோசித்துவிட்டு, "பேசாம இருந்ததுதான போகுது? அதுவும் நல்லதுதான மேடம், சிடில எடம் மிச்சம்லா" என்றார்.

புரட்டாசியில் விசாரணையின் அடுத்த அமர்வு. தலைமையகத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. நான் ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். குறை இன்னது, சோதித்தது இப்படி, இந்தப் பதிப்பில் எழுதிய சிடியில் பேச்சுக்கு இடைப்பட்ட நேரம் பதிவாகாது. கீழே என் பெயரையும் பதவியையும் போட்டுக் கையெழுத்திட்டு, வேலாயுதத்தோடு நானே போனேன்.

விசாரித்தவர் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். விடுதி அவரை அதற்கென்று அமர்த்தியிருந்தது. கெட்டவர் அல்ல. கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல கையெழுத்துப் போட ஒங்களுக்கு அதிகாரம் உண்டாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப இது என்னது?"

"நடந்தது சார். வேணும்னா இப்பவே சோதிச்சுக் காட்டுதேன். கருவியைக் கொண்டாந்திருக்கேன்."

"நீங்க காட்டுதது ஒங்க கருவில, ஒங்க குரல்ல இருக்கும். இந்த சிடில இருந்ததும் அப்படித்தான் போச்சுன்னு ஒங்க கம்பெனில்லா சொல்லணும்? நான் இதைக் கோப்புல வச்சா, நாளைக்கு எவனாவது, அந்தம்மா யாரு, எந்த அதிகாரத்துல எழுதுனான்னு கேப்பான். எனக்கு என்ன பதில் இருக்கு?"

அவர் இடத்தில் நான் இருந்தாலும் வார்த்தை மாறாமல் அதைத்தான் கேட்டிருப்பேன். மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவரும் அந்த சிடியைக் கேட்டிருந்தார். அதில் அவர் உடனே பதில் சொல்லும் நல்ல மேனேஜராக இருந்தார். அதை நம்பாமலிருக்க அவருக்கு என்ன தேவை?

விசாரித்தவர் கம்பெனிக் கடிதம் வர அவகாசம் கொடுத்தார். ஐப்பசியில் மறுபடியும் கொடுத்தார். நான் வாரந்தோறும் நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலின் மொழி எனக்கு நன்றாக வரும். முதலில் பணிவு, அடுத்து விதியின் எண், அடுத்து முந்தைய கடிதங்களின் தேதி வரிசை. எதற்கும் எவரும் வாய் திறக்கவில்லை.

அந்த மாதங்களில் வேலாயுதம் தென்காசிக்கு வரும்போதெல்லாம் மாடியேறி எட்டிப் பார்ப்பார். முதலில், "வந்துட்டா மேடம்?" என்று கேட்பார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் இறங்கவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"வீட்டுல அதைப் போட்டுப் போட்டுக் கேக்கேன் மேடம்."

"எதுக்கு அண்ணாச்சி கேக்கிய? வேண்டாமே."

"அடுத்தாப்புல கேள்வி கேட்டா பதில் சொல்லணும்லா?" என் பக்கம் திரும்பினார். "மேடம், ஒருவேளை அவரு உடனேதான் சொல்லியிருப்பாரோ? நான்தான் நின்னுட்டனோ?"

"இல்ல அண்ணாச்சி. நாங்க சோதிச்சுப் பாத்தோம்லா? இசக்கி ஒங்க கிட்ட போட்டுக் காட்டுனான்லா?"

"காட்டுனான். நீங்களும் நல்ல மனசுல சொல்லுதிய. ஆனா காயிதத்துல ஒருத்தரும் சொல்லலியே."

"நீங்க கேக்கும்போது சருகு வந்துச்சு. அவரு சொல்லும்போது கட்டை வந்துச்சு. நீங்கதான சொன்னிய?"

"வந்துச்சுதான்." விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்ப நெனச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணாவே வந்த மாதிரி இருக்கு மேடம்."

இசக்கி எழுந்து வெளியே போய்விட்டான். நான் அவரிடம் இன்னும் கொஞ்ச நேரம் பேசினேன். சோதனை முறையை மறுபடி விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டார். பட்டாளத்துக்காரர்கள் மேலதிகாரி சொல்வதைக் கேட்கும் விதத்தில்.

இளையவர்களே, நம் தொழிலில் கோப்பு கெட்டுப்போனால் மறுபிரதி எடுக்கலாம். சிடி கெட்டால் வேறொன்று எழுதலாம். ஒரு மனிதர் தன் கண்ணால் கண்டதை நாம் மாற்றி எழுதிவிட்டால், அதை மீட்டுத் தர எந்தப் பதிப்பும் இல்லை. ஆகவே அடுத்த முறை ஒரு குறையைப் பதிவு செய்யும்போது 'பாதிப்பு: குறைவு' என்று பட்டியலில் தட்டுவதற்கு முன், அந்த சிடியை யார் வீட்டில் யார் போட்டுக் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கையேட்டில் இதற்கு இடமில்லை. சேர்க்கச் சொல்லி நான் அனுப்பிய திருத்தமும் பரிசீலனையில் இருக்கிறது.

கார்த்திகையில் விடுதி ஒரு சமாதானம் சொன்னது. வேலாயுதம் தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போனால், அவர் மேல் மேற்கொண்டு புகார் கொடுக்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் வழியில் எனக்குப் போன் செய்தார். பேருந்து நிலையத்துச் சத்தத்தில் அவர் குரல் சாதாரணமாக இருந்தது.

"முடிச்சிட்டேன் மேடம்."

"ரெண்டு வாரம் பொறுத்திருக்கலாமே அண்ணாச்சி. கடிதம் வந்துரும்."

"அது வந்து என்ன மேடம் சொல்லப்போவுது?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மார்கழியில் ராயகிரிக்கு ஒருமுறை பேசினேன். அவர் மனைவிதான் எடுத்தார்.

"யக்கா, ஒங்கள ஒண்ணு கேட்டுக்கிடுதேன். அவருகிட்ட இனிமே அந்தப் பேச்சை எடுக்காதீய. இப்பதான் கொஞ்சம் தூங்குதாரு."

"நல்லா இருக்காரா?"

"இருக்காரு. வார போறவங்ககிட்டயெல்லாம், நான் நின்னுட்டேன், நான் நின்னதுலதான் அந்தப் பிள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு அவரே சொல்லுதாரு. இல்லவே இல்லன்னு நான் சொன்னா, நீ அங்கன இருந்தியாட்டின்னு கேக்காரு. நான் என்ன சொல்ல? நான் இல்லியே."

அந்த வாரமும் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். அதிலும் முந்தைய கடிதங்களின் தேதிகளை வரிசையாகக் கொடுத்திருந்தேன்.

பதில் வராமல் போய்விடவில்லை. வந்தது. குறை உறுதி செய்யப்பட்டது, குறிப்பிட்ட பதிப்பில் எழுதிய சிடிகளில் பேச்சில்லாத நேரம் விடுபட்டிருக்கும், வாடிக்கையாளர் கேட்டால் இதற்குரிய கடிதத்தை வழங்கலாம். மூன்று வரி, பிழையில்லாத வாசகம், அதிகாரம் உள்ளவரின் கையெழுத்து. அடியில், இத்துடன் இந்தப் பொருள் முடித்துவைக்கப்படுகிறது என்றும் இருந்தது. பெங்களூரில் அன்று வேலை நாள். இங்கே அலுவலகம் பூட்டியிருந்தது. தை இரண்டாம் தேதி, மாட்டுப் பொங்கல்.